வான ஆய்வுக்கூட வேலை: நம் பிள்ளைகளுக்கு இடம் உண்டா?

(நமது பகுதி நேர நிருபர்)

பெங்களூருவிலிருந்து சென்னைக்குப் பகல் ரெயிலில் செல்லும் நம்மவர்கள், ஜோலார்பேட்டையைத் தாண்டியதும் வலப்பக்கம் ஏலகிரி மலையைப் பார்த்திருப்பார்கள். அதற்கும் அப்பால் ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில், 2.34 மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடி பொருத்திய பெரிய தொலைநோக்கி இருக்கிறது. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட அதற்கு 1986-ம் ஆண்டு வைணு பாப்பு என்ற வானியல் விஞ்ஞானியின் பெயர் சூட்டப்பட்டது.

அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையகம், நமக்குப் பக்கத்தில் கோரமங்கலாவில்தான் இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம், லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஹான்லே ஆய்வுக்கூடம், பெங்களூருவை அடுத்த ஹொசகோட்டை ஆய்வு மையம் ஆகியவையும் இதைச் சேர்ந்தவையே.

2023 செப்டம்பர் 2-ந்தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தில் 7 கருவிகள் உள்ளன. அவற்றில் முதன்மையானது இந்த நிறுவனம் செய்து கொடுத்ததாகும். 'இஸ்ரோ' என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரிகிறது. ஆனால் அதற்குக் கருவி செய்து கொடுக்கும் ஆய்வுக்கூடத்தில் யார் வேலை செய்கிறார்கள், என்ன படித்தவர்கள், அந்த வேலை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எட்டுமா என்பது பலருக்குத் தெரியவில்லை.

ஆய்வுக்கூடத்துக்கும் ராக்கெட்டுக்கும் என்ன தொடர்பு?

சூரியனைச் சுற்றி ஒளிவளையம் ஒன்று உண்டு. சூரியத் தட்டின் ஒளியோடு ஒப்பிட்டால் அது பல லட்சம் மடங்கு மங்கல். ஆகவே முழு கிரகணத்தின் போதுதான் அது கண்ணுக்குத் தெரியும். 1980 பிப்ரவரி 16-ந்தேதி கர்நாடகத்தில் முழு சூரிய கிரகணம் தெரிந்தது. நிறுவனத்தின் விஞ்ஞானிகள் முகாமிட்டு ஆராய்ந்தார்கள். ஆனால் கிரகணம் சில நிமிடங்களில் முடிந்து விடுகிறது. அடுத்த கிரகணத்துக்கு எந்த நாட்டுக்குப் போவது, அன்று மேகம் மூடினால் என்ன செய்வது?

கருவிக்குள்ளேயே சூரியத் தட்டின் ஒளியை ஒதுக்கி விட்டு, வளையத்தின் ஒளியை மட்டும் படம் பிடித்தால் தினந்தோறும் கிரகணம்தான். அதைக் காற்று மண்டலத்துக்கு வெளியே வைத்தால் மேகத்தின் தொல்லையும் இல்லை. 2008-ம் ஆண்டு வாக்கில் இது, 800 கி.மீ. உயரத்தில் ஒரே கருவியுடன் சுற்றும் சிறு செயற்கைக்கோளாகத் திட்டமிடப்பட்டது. பின்னர் திட்டம் விரிவாகி, பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் நிற்கும் பெரிய விண்கலமாயிற்று. 2024 ஜனவரி 6-ந்தேதி ஆதித்யா அந்த இடத்தைச் சேர்ந்தது. முதல் திட்டத்துக்கும் பயணத்துக்கும் இடையே 15 ஆண்டுகள். இளைஞராக வேலையில் சேர்ந்தவர் நடுவயதை எட்டும் காலம் அது.

கருவி பூட்டப்பட்டு, சோதிக்கப்பட்டது ஹொசகோட்டையில், தூசி புகாத தனி அறைகளில். 2015-ல் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புறஊதாத் தொலைநோக்கியும் அங்கேதான் தயாராயிற்று.

ஏவியதோடு வேலை முடிவதில்லை. பயலாலுவில் உள்ள இஸ்ரோ மையத்துக்கு வந்து சேரும் தகவல்களைப் பிரித்துச் சரிபார்க்க வேண்டும். அடுத்து எதைப் படம் பிடிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். கொடைக்கானலில் தரையிலிருந்து எடுத்த சூரியப் படங்களோடு ஒப்பிட வேண்டும். 1899-ல் தொடங்கிய கொடைக்கானல் கூடத்தில் நூறாண்டுக்கு மேற்பட்ட சூரியப் படங்கள் உள்ளன. எந்த செயற்கைக்கோளிடமும் இல்லாத பழைய கணக்கு இது.

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். 1989 மார்ச் மாதம் சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் சுமார் 60 லட்சம் பேர் பல மணி நேரம் மின்சாரம் இன்றித் தவித்தார்கள். 2022 பிப்ரவரியில் ஓர் அமெரிக்க நிறுவனம் ஏவிய 49 செயற்கைக்கோள்களில் ஏறத்தாழ 40, இதே காரணத்தால் வீணாயின. 2024 மே மாதப் புயலின் போது ஹான்லேயில் இரவு வானமே சிவந்தது. செல்போன், டெலிவிஷன், வங்கிப் பணம் எல்லாம் செயற்கைக்கோளையும் மின்சாரத்தையும் நம்பியிருக்கும் காலத்தில், சூரியனைக் காவல் காப்பது வீண் வேலை ஆகாது.

யார் யாருக்கு வேலை?

ஆய்வுக்கூடம் என்றதும் விஞ்ஞானி ஒருவர்தான் மனதில் வருவார். உண்மையில் நான்கு வகையினர் அங்கே தேவைப்படுகிறார்கள். முதலாவது விஞ்ஞானிகள். இரண்டாவது ஒளியியல், எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் துறை என்ஜினீயர்கள். மூன்றாவது கண்ணாடி தேய்ப்பது, அதற்கு அலுமினியப் பூச்சு போடுவது, லேத் ஓட்டுவது, இரவில் தொலைநோக்கியை இயக்குவது போன்ற வேலைகளைச் செய்யும் டெக்னீஷியன்கள். நான்காவது கணக்கு, கொள்முதல், ஸ்டோர் ஆகியவற்றைக் கவனிக்கும் அலுவலர்கள். இவர்களில் ஒருவர் தவறினாலும் கருவி தவறும்.

காத்திருக்கும் காலம்

விஞ்ஞானி ஆகும் வழி நீண்டது. பி.எஸ்சி. இயற்பியல் 3 ஆண்டு, எம்.எஸ்சி. 2 ஆண்டு, பிறகு நுழைவுத் தேர்வு எழுதி ஆராய்ச்சிப் பட்டத்துக்கு 5 அல்லது 6 ஆண்டு. அதன் பிறகும் வெளிநாட்டிலோ உள்நாட்டிலோ சில ஆண்டுகள் தற்காலிக ஆராய்ச்சி. நிரந்தர வேலை கிடைக்கும்போது வயது 33-ஐத் தாண்டி விடுவது சகஜம். இடங்களும் குறைவு.

2023 ஜனவரியில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, ஆராய்ச்சி மாணவருக்கு மாதம் ரூ.37,000-ம், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ரூ.42,000-ம் உதவித்தொகை உண்டு. வீட்டு வாடகைப்படி தனி. ஒருவர் வயிற்றுப்பாட்டுக்கு இது போதும். ஆனால் இது சம்பளம் அல்ல. பி.எப். கிடையாது, வேலை உத்தரவாதமும் கிடையாது.

மூத்த மகனின் சம்பளத்தை நம்பித் தங்கையின் திருமணமும், ஊரில் வாங்கிய கடனும் காத்திருக்கும் வீடுகள் நம்மிடையே ஏராளம். அந்த வீட்டுப் பையன் 'நான் இயற்பியல் படிக்கிறேன்' என்று சொன்னால் தகப்பனாருக்கு வயிறு கலங்குவது நியாயமே. அதற்காகப் படிக்காதே என்று தடுப்பதும் சரியல்ல. எத்தனை ஆண்டு தாங்க முடியும் என்று வீட்டில் முதலிலேயே உட்கார்ந்து பேசி முடிவு செய்வதே நல்லது. பாதியில் விடும் ஆராய்ச்சி, தொடங்காத ஆராய்ச்சியை விட அதிக வேதனை தரும்.

மற்றொரு வழி

காத்திருக்க முடியாதவர்களுக்கும் கதவு அடைபடவில்லை. இஸ்ரோவில் ஐ.டி.ஐ. முடித்தவர்கள் டெக்னீஷியனாகச் சேரலாம். ஏழாவது ஊதியக் குழுவின்படி இதற்கு அடிப்படைச் சம்பளம் ரூ.21,700. முதல் வகுப்பில் டிப்ளமோ தேறியவர்களுக்கு டெக்னிக்கல் அசிஸ்டென்ட் வேலை, ரூ.44,900. என்ஜினீயரிங் பட்டதாரிகள் ரூ.56,100 அடிப்படைச் சம்பளத்தில் விஞ்ஞானி-என்ஜினீயர் ஆகலாம்.

2023 ஆகஸ்டு 23-ந்தேதி நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குனர் வீரமுத்துவேல், தென்னக ரெயில்வே டெக்னீஷியன் ஒருவரின் மகன். விழுப்புரம் ரெயில்வே பள்ளியில் படித்து, முதலில் டிப்ளமோ வாங்கி, பிறகு பி.இ. முடித்து, பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஆதித்யா திட்ட இயக்குனர் நிகர் ஷாஜி செங்கோட்டை விவசாயியின் மகள். நெல்லை அரசு என்ஜினீயரிங் கல்லூரியில் படித்து 1987-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். அதே திட்டத்தின் முதன்மை விஞ்ஞானி சங்கரசுப்பிரமணியன், இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்று இஸ்ரோவுக்குச் சென்றவர். ஆய்வுக்கூடத்துக்கும் விண்வெளித் துறைக்கும் இடையே ஆட்களும் இப்படிப் போகிறார்கள்.

மாநிலமும் மொழியும்

வெளிமாநிலத்தில் பிழைக்கும் நமக்கு ஓர் ஆறுதல் உண்டு. இவை மத்திய அரசுத் துறைகளின் வேலைகள். எந்த மாநிலத்தில் பிறந்தாய், எத்தனை ஆண்டு இங்கே குடியிருந்தாய் என்று கேட்பதில்லை. இட ஒதுக்கீடு கோருவோருக்குத் தகப்பனாரின் சொந்த மாநிலத்தை வைத்தே சாதிச் சான்றிதழ். கடைசி நேரத்தில் தாலுகா ஆபீசுக்கு ஓடாமல், விடுமுறையில் ஊருக்குப் போகும்போதே அந்தத் தாள்களைச் சரி செய்து வைப்பது புத்திசாலித்தனம்.

குறையும் ஒன்று உண்டு. ஜே.இ.இ. முதன்மைத் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். ஆனால் அடுத்த கட்டமான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. திருவனந்தபுரத்தில் விண்வெளித் துறை நடத்தும் கல்லூரியில் பி.டெக். சேர இந்த இரண்டாவது தேர்வுதான் வாசல். முதல் படியில் தமிழை அனுமதித்து, இரண்டாவது படியில் நிறுத்தி விடுவது என்ன நியாயம்? நியூட்டனின் விதி எந்த மொழியில் எழுதினாலும் ஒன்றுதானே? இந்திக்காரப் பிள்ளைக்குத் தாய்மொழியில் தரும் வசதியைத் தமிழ்ப் பிள்ளைக்கும், கன்னடப் பிள்ளைக்கும் தர வேண்டும். நம் எம்.பி.க்கள் இதைப் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டும்.

அது நடக்கும் வரை பெற்றோர் சும்மா இருக்கத் தேவையில்லை. 9-ம் வகுப்பு மாணவர்களுக்காக இஸ்ரோ 2019-ல் தொடங்கிய 'யுவிகா' பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்லலாம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்தையொட்டி ஆய்வு நிறுவனங்கள் பொதுமக்களுக்காகத் திறக்கும்போது, பிள்ளையைக் கூட்டிப் போய்க் காட்டலாம். அங்கே விஞ்ஞானியை மட்டும் பார்த்து விட்டுத் திரும்பாமல், லேத் பட்டறையையும் பார்க்கச் சொல்லுங்கள். தனக்கு எந்த இடம் பொருந்தும் என்று பிள்ளையே சொல்லட்டும். எத்தனை ஆண்டு பொறுக்க முடியும் என்பதைப் பெற்றோர் மறைக்காமல் சொல்லட்டும்.