சத்தமில்லாத ஜெனரேட்டர் வேண்டுமா? முதலில் ஒரு கணக்குப் போடுங்கள்

காலை நடைக்கு வரும் நண்பர்கள் இரண்டு பேர் இந்த மாதம் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், நீங்கதான் ட்ரெய்லரை இழுத்துக்கிட்டு மலைக்கெல்லாம் போய்ட்டு வர்றீங்களே, சத்தம் வராம, விலையும் கம்மியா ஒரு ஜெனரேட்டர் சொல்லுங்களேன்." கேள்வி சின்னதுதான். பதில் சொல்ல ஆரம்பித்தால் அம்பத்தூர் ஏரிக்கரையில் நாலு நாள் நடக்க வேண்டியிருக்கும். அதனால் எழுதிவிடுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் நோட் போட்டவன் நான். எந்த அதிகாரிக்கும் கடைசிப் பாரா வரை படிக்கப் பொறுமை கிடையாது என்பது எனக்குத் தெரியும். முடிவு இதுதான்: இரவுக்கு பேட்டரி. ஜெனரேட்டர் அவசியம் என்றால் சின்னதாக ஒன்று, பகலுக்கு மட்டும், படுக்கும் இடத்திலிருந்து தள்ளி. காரணம் வேண்டாம் என்பவர்கள் இத்தோடு காபி குடிக்கப் போகலாம்.

ட்ரெய்லர், கேம்பிங் என்றதும் இதெல்லாம் அமெரிக்காக்காரர்கள் பழக்கம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். புதுச்சேரியில் நான் சிறுவனாக இருந்தபோது வில்லியனூர் தேருக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு முதல் நாள் சாயங்காலமே கிளம்பிவிடுவோம். புளிச்சோறு, ஜமுக்காளம், மண்பானைத் தண்ணீர், ஒரு பெட்ரோமாக்ஸ். ராத்திரி வண்டிக்கு அடியிலேயே தூக்கம். அதுவும் கேம்பிங்தான். பெட்ரோமாக்ஸ் போட்ட "உஸ்" சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. அதையும் அப்பா ஒன்பது மணிக்கு அணைத்துவிடுவார். பள்ளியில் எங்கள் பிரெஞ்சு முசியே "சிலான்ஸ்!" என்று மேசையைத் தட்டுவார். அதற்குப் பிறகு வகுப்பில் விழும் அமைதி எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும் அந்த இரவு.

அந்த மாதிரி ஒரு இரவு வேண்டும் என்றுதான் 2024 ஜனவரிக் கடைசியில் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஜவ்வாது மலைக்குப் புறப்பட்டோம். நானும் என் வீட்டுக்காரியும். ஆவடி டாங்கி தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற நண்பர், அவர் மனைவி, அவர்கள் மகன். மகன்தான் ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் பத்தடி ட்ரெய்லர் ஒன்றை வாடகைக்கு ஏற்பாடு செய்தான். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். பக்கத்தில் ஒரு தார்ப்பாய்ப் பந்தல் இழுத்துக் கட்டலாம். பூந்தமல்லி, வேலூர், போளூர் என்று போய் மலை ஏறினோம். ஜமுனாமரத்தூருக்கு அந்தப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் பலாத் தோப்பில் அவர் அனுமதியோடு தங்கினோம். காவலூர் வானாய்வகம் இருக்கும் மலை அது. 1986-இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்தார்களென்றால் காரணமில்லாமலா? அங்கே இருட்டு என்றால் உண்மையான இருட்டு.

நண்பருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி. ராத்திரியில் முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டு, சீபேப் என்கிற மெஷின் ஓடினால்தான் தூங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே கரண்ட் கட்டாயம். பந்தல், சவுண்ட் சர்வீஸ் கடை ஒன்றிலிருந்து 2.5 கேவிஏ ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுபோயிருந்தோம். சாயங்காலம் கயிறை இழுத்து ஸ்டார்ட் செய்ததும் தோப்பிலிருந்த பறவையெல்லாம் கிளம்பிவிட்டது. பக்கத்துக் குடிசையிலிருந்து ஒரு பாட்டி வந்து நின்றார். கோபிக்கவில்லை. "எங்க மாடு ரெண்டும் படுக்க மாட்டேங்குது சாமி" என்று மட்டும் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அமைதியைத் தேடி இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போய், அங்கே இருந்த அமைதியையும் கெடுத்துவிட்டோம். முப்பது நாற்பது அடி தள்ளி, மரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தோம்.

நடுராத்திரி தூறல் போட ஆரம்பித்தது. மெஷின் நனைந்துவிடுமே என்று மகன் நல்ல எண்ணத்தில் அதைத் தூக்கிவந்து ட்ரெய்லரை ஒட்டிய பந்தலுக்குள் வைத்துவிட்டான். சாரல் வருகிறதென்று பந்தலின் பக்கத் தார்ப்பாயையும் இறக்கிவிட்டான். நாங்கள் ஜீப்பில் படுத்திருந்தோம். இரண்டு மணி இருக்கும், நண்பரின் மனைவி தள்ளாடிக்கொண்டு வந்து கண்ணாடியைத் தட்டினார். "அண்ணா, தலை வெடிக்குதுண்ணா. வாந்தி வருது. அவரை எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்கிறார்." ராத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் முதலில் நினைத்தோம். என் வீட்டுக்காரிதான் பந்தலுக்குள் நின்ற ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். அதை அணைத்து, கதவு ஜன்னலெல்லாம் திறந்து, நண்பரை இழுத்து வெளியே கொண்டுவந்து தூறலிலேயே உட்கார வைத்தோம். கால் மணி நேரம் கழித்துத்தான் பேசினார். விடிந்ததும் மலை இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "ஜெனரேட்டர் எங்கே வெச்சிருந்தீங்க?"

பெட்ரோல் இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவன் தூங்கிக்கொண்டே போய்விடுவான். மூச்சு மெஷினும் காப்பாற்றாது. அறையில் என்ன காற்று இருக்கிறதோ அதைத்தான் அது உள்ளே தள்ளும்.

அதே வருடம் டிசம்பர் 23-ஆம் தேதி, கேரளத்தில் வடகரைக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலை ஓரமாக நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். கோழிக்கோடு என்ஐடி நிபுணர்கள் அதே வண்டியில் சோதனை நடத்திப் பார்த்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு, தரையில் இருந்த இடைவெளி வழியாக உள்ளே வந்திருக்கிறது என்று சொன்னார்கள். பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் காபி இறங்கவில்லை.

இப்போது நண்பர்கள் கேட்ட "சத்தமில்லாத ஜெனரேட்டர்" விஷயத்துக்கு வருகிறேன். அப்படி ஒன்று இருக்கிறது. இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் என்று பெயர். சாதாரண ஜெனரேட்டர் நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டைத் தருவதற்காக நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றியே தீர வேண்டும். ஒரு பல்பு எரிந்தாலும் அதே ஓட்டம், அதே சத்தம். இன்வெர்ட்டர் வகையில் கரண்டை முதலில் டிசியாக மாற்றி, பிறகு மின்னணுச் சுற்று வழியாகச் சீரான 50 ஹெர்ட்ஸ் ஆக்கித் தருகிறார்கள். அதனால் இன்ஜின் தேவைக்கு ஏற்ப மெதுவாக ஓடலாம். சத்தமும் குறையும், பெட்ரோலும் குறையும். ஆனால் இங்கேதான் என் பயம். சத்தம் நம்மைத் தொந்தரவு செய்தால் மெஷினைத் தூக்கித் தூரத்தில் வைப்போம். சத்தம் குறைந்துவிட்டால் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்வோம். சத்தம் குறைந்தாலும் புகை விஷம்தான். குறைந்தது இருபதடியாவது தள்ளி, காற்று நம் பக்கம் வீசாத திசையில், புகைக்குழாய் மறுபுறம் பார்த்தபடி வைக்க வேண்டும். மழை வந்தால் நனையாதபடி அங்கேயே அதற்குத் திறந்த மறைப்புக் கட்டுங்கள், இல்லாவிட்டால் அணைத்துவிடுங்கள். கிட்டே மட்டும் கொண்டுவராதீர்கள்.

அடுத்தது வாங்கும் சங்கதி. பிரெஞ்சில் "ப்ருயி" என்று ஒரு சொல் உண்டு. சத்தம் என்றும் பொருள், வதந்தி என்றும் பொருள். ஜெனரேட்டர் கடையில் இரண்டும் கிடைக்கும். "3 கேவிஏ எடுத்துக்கோங்க சார், ஏசியே ஓடும்" என்பார்கள். நமக்கு எவ்வளவு வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நாமேதான் எழுதிப் பார்க்க வேண்டும். எங்கள் ஒரு இரவுக் கணக்கு இது:

மூச்சு மெஷின் 40 வாட், 8 மணி நேரம்: 320.
சின்ன டிசி ஃபேன் 30 வாட், 8 மணி நேரம்: 240.
9 வாட் எல்இடி பல்பு இரண்டு, 4 மணி நேரம்: 72.
நாலு செல்போன் சார்ஜ்: 60.
மொத்தம் 692. வைத்துக்கொள்ளுங்கள், 700 வாட்-மணி.

வீட்டு மின் மீட்டர் கணக்கில் இது முக்கால் யூனிட்கூட இல்லை. முக்கால் யூனிட்டுக்காகவா ராத்திரி முழுக்க 2.5 கேவிஏ இன்ஜினை ஓடவிட்டு இரண்டு உயிரைப் பணயம் வைத்தோம்! 12 வோல்ட், 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரி ஒன்றில் ஏறக்குறைய 1200 வாட்-மணி இருக்கிறது. கரண்டை மாற்றும்போது வீணாவது போனாலும் ஒரு இரவுக்குத் தாராளம். பழைய ஆசிட் பேட்டரி என்றால் பாதி வரைக்கும்தான் இறக்கலாம், அதற்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும், கனமும் அதிகம். மெஷினுக்குக் கொடுக்கும் இன்வெர்ட்டர் "ப்யூர் சைன் வேவ்" வகையா என்று கேட்டு வாங்குங்கள். சில மூச்சு மெஷின்களுக்கு பேட்டரியிலிருந்து நேரடியாகக் கொடுக்கும் அடாப்டரும் கிடைக்கிறது, அது இன்னும் சிக்கனம். தண்ணீரைச் சூடாக்கி ஈரப்பதம் தரும் பகுதி மெஷினில் இருந்தால் அது கரண்டை நிறைய இழுக்கும். அதை அணைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது இரவும் தங்கினால் பகலில் பேட்டரியை நிரப்ப வேண்டும். 200 வாட் சோலார் பலகை நல்ல வெயிலில் நாலு மணி நேரம் இருந்தாலே ஒரு இரவுக் கணக்கு வந்துவிடும். மேகமாக இருந்தால்தான் ஜெனரேட்டர். அதற்கு 1 கேவிஏ இன்வெர்ட்டர் வகையே போதும். 30 ஆம்பியர் சார்ஜர் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டினால் ஆயிற்று. பெட்ரோல் ஒன்று, ஒன்றரை லிட்டர் செலவாகும். ஆட்கள் விழித்திருக்கும் நேரத்தில், தோப்புக்கு வெளியே.

சத்தத்தை ஒப்பிடும்போது ஒரு அட்டவணை போடுங்கள். அலுவலகத்தில் மூன்று கொட்டேஷன் வாங்கி ஒப்பீட்டுப் பட்டியல் போடுவோமே, அதே மாதிரி. ஒரு கம்பெனி 58 டெசிபெல் என்று போட்டிருக்கும், இன்னொன்று 75 என்று போட்டிருக்கும். முதலாவதுதான் அமைதி என்று ஓடாதீர்கள். எத்தனை மீட்டரில் அளந்தது என்று பாருங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும். 1 மீட்டரில் 75 என்பது 7 மீட்டரில் ஏறக்குறைய 58. இரண்டும் ஒரே சத்தம்தான்! முழு லோடில் அளந்ததா, கால் லோடில் அளந்ததா என்பதையும் கேளுங்கள். நம் நாட்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபெல். அந்தப் பாட்டிக்கு இந்த விதி தெரியாது. அவருடைய மாடுகளுக்குத் தெரிந்திருந்தது.

"பேட்டரியில் எல்லாம் நடக்குமா?" என்று நண்பரின் மகன் கேட்டான். நியாயமான கேள்வி. ஏசி நடக்காது. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் தேவைப்படுகிறவர்களுக்கும் போதாது. அது 350 வாட் இழுத்தால் எட்டு மணி நேரத்துக்கு 2800 வாட்-மணி. அப்படிப்பட்டவர்கள் ஆஸ்பத்திரி பக்கத்தில் நல்ல லாட்ஜில் தங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. மிக்ஸியும் எலக்ட்ரிக் அடுப்பும் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சட்னியை வீட்டிலேயே அரைத்துக்கொண்டு வாருங்கள்.

விலையையும் யோசியுங்கள். பெயர் பெற்ற கம்பெனி இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் வாங்க ஒரு மாதப் பென்ஷன் போதாது. வருடத்தில் நாலு ராத்திரி உபயோகிக்க அது தேவையா? ஓட்டாமல் வைத்தால் பெட்ரோல் பிசின் மாதிரி ஆகி கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். பேட்டரி அப்படி இல்லை. 2016 டிசம்பர் 12-இல் வர்தா அடித்ததும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்து அம்பத்தூர், கொரட்டூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றதும் நமக்கு மறக்கவில்லை. அந்த இருட்டில் விளக்கும் ஃபேனும் செல்போனும் இருந்தால் போதுமென்றுதானே தவித்தோம்? அதற்கும் இதே பேட்டரி உதவும். அப்போது சிலர் ஜெனரேட்டரை மாடிப்படி அடியிலும் பால்கனியிலும் வைத்து ஓட்டியதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். மூடிய இடம் எதுவானாலும் அது எங்கள் பந்தல் மாதிரிதான்.

இந்த ஜனவரியில் மறுபடி அதே தோப்புக்குப் போனோம். இரண்டு வீடும் பங்கு போட்டு வாங்கிய பேட்டரியும் சோலார் பலகையும் கூட வந்தன. ஜெனரேட்டர் இல்லை. ராத்திரி நண்பரின் மெஷின் மெல்ல "உஸ்" என்றது, பழைய பெட்ரோமாக்ஸ் மாதிரி. பாட்டி காலையில் சாமைக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். மாடு படுத்ததா என்று கேட்டேன். சிரித்தார்.

அந்த பேட்டரி இப்போது என் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது. நடை நண்பர்கள் ஊருக்குப் போவதானால் கேளுங்கள், தருகிறேன். நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, திரும்பவும் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்து வைக்க வேண்டும். குமாஸ்தா புத்தி, என்ன செய்வது!