பம்பைப் பழிக்குமுன்

நம் ராமச்சந்திராபுரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இருப்பது பழைய கார்தான். பதினைந்தாண்டு கடந்து மறுபதிவு பெற்று ஓடுபவையும் உண்டு. 1998-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த சான்ட்ரோ முதலியவை, கார்புரேட்டரை விடுத்து இன்ஜெக்டர் வழியே பெட்ரோலைத் தெளிப்பவை. அத்தகைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் குழாயினுள் ஏறத்தாழ 3 பார் அழுத்தம் நிற்றல் வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்கு அதில் பத்திலொரு பங்கே போதுமாயிருந்தது.

நமது வண்டியும் இவ்வகையே. சென்ற மார்கழியில், காலையில் நெடுநேரம் சுழற்றினாலன்றிக் கிளம்பவில்லை; மேம்பாலம் ஏறினால் திணறியது. பொங்கலுக்கோ வயது முதிர்ந்த தாயாரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கர்நூல், பெங்களூரு வழியாகச் சேலம் செல்ல வேண்டும். மெக்கானிக் ஒருவர் குழாயைக் கழற்றிப் பார்த்து, "பெட்ரோல் மெல்ல வருகிறது, பம்பு போயிற்று" என்றார். மாற்றினோம். ஏழாயிரம் ரூபாய் சென்றது, நோய் தீரவில்லை.

ரயில்வேயில் உத்தியோகம் பார்க்கும் நமக்கு இது வெட்கம். ஏர் பிரேக் ரயிலில் என்ஜினில் 5 கிலோ அழுத்தம் காட்டினால் மட்டும் போதாது. கடைசியில் உள்ள கார்டும் தம் மானியைப் பார்த்தாக வேண்டும். காருக்கு மட்டும் கண்ணால் பார்த்தது போதுமென்று எப்படி நினைத்தோம்?

இரண்டாவதாகப் பார்த்தவர் அழுத்தமானியை இணைத்தார். இரண்டு பார்தான், வேகம் கூட்டினால் அதுவும் இறங்கியது. ஃபில்டர் புதியது. பின்பு வோல்ட் மீட்டரை எடுத்தார். என்ஜின் ஓடுகையில் பேட்டரியில் 14 வோல்ட். பம்பின் முனையில் 11-க்கும் கீழ். எர்த் வயரை உடலோடு இணைக்கும் போல்ட்டில் துரு! உப்புத்தாள் கொண்டு தேய்த்து இறுக்கியதும் முள் மூன்றில் நின்றது. பழைய பம்பு குற்றமற்றதாய் நம் அலமாரியில் கிடக்கிறது.

அன்பர்கள் தாமே அறியக்கூடியன சில. சாவியைத் திருப்பியதும் பின் இருக்கைப் பக்கம் இரண்டு விநாடி முனகல் கேட்கவேண்டும். கேளாவிடில் முதலில் ஃபியூஸும் ரிலேயும் பார்க்க. சாவியை இரண்டு மூன்று முறை திருப்பி மூடியபின் எளிதில் கிளம்பினால், இரவில் அழுத்தம் கசிந்திருக்கலாம். பம்பின் தடுப்பு வால்வையோ சொட்டும் இன்ஜெக்டரையோ ஐயுறலாம். கரும்புகையும் பெட்ரோல் நெடியும் இருந்தால், அழுத்தத்தை ஒழுங்குபடுத்தும் ரெகுலேட்டரைச் சோதிக்கச் சொல்லுக. மாதக் கடைசியில் தொட்டியைக் காயவிடும் சிக்கனம் நம் எல்லோரிடமும் உண்டு. பம்பைக் குளிர்விப்பது அதைச் சூழ்ந்த பெட்ரோலே என்பதால் அச்சிக்கனம் வேண்டாம்.

முதல் மெக்கானிக் செய்ததை மட்டும் எவரும் செய்ய விடாதீர்கள். என்ஜினை நிறுத்திய பின்னும் குழாயில் அழுத்தம் நிற்கும். கழற்றினால் பெட்ரோல் பீச்சியடிக்கும். சூடான என்ஜின்மீது பட்டால் தீ. பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, என்ஜின் தானே அணையும்வரை ஓடவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் கழற்றிய பிறகே குழாயில் கை வைக்க வேண்டும். அப்போதும் திறந்த வெளியில், குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டு.

அடுத்த இதழில் ரேடியேட்டர்.