வாக்குமூலத்தின் மொழி

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில், 2020 மே 25 அன்று, ஜோர்ஜ் ஃபுளொய்ட் என்னும் கறுப்பின மனிதரின் கழுத்தைப் பொலிஸ் அதிகாரியொருவர் ஒன்பது நிமிஷங்களுக்கு மேல் முழங்காலால் அழுத்திக் கொன்றதை, டார்னெல்லா ஃபிரேஸியர் என்ற பதினேழு வயதுப் பெண் தன் கைத்தொலைபேசியில் பதிவு செய்திராவிட்டால், பொலிஸார் முதலில் வெளியிட்ட அறிக்கையின்படி அது உடல்நலக் குறைவால் நேர்ந்த மரணம் என்றே சரித்திரத்தில் நின்றிருக்கும். அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது; இலங்கை மலையகத்தின் திம்புள்ளத் தோட்ட லயமொன்றில் அமர்ந்து அந்தக் காட்சியைப் பார்த்த எனக்கு, அவள் கை நடுங்காமல் நின்றதே பேராச்சரியமாக இருந்தது.

அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் சந்ததியார் அனுபவித்த துயரத்தை, கூலி ஒப்பந்தத்தில் வந்தவர்களின் சந்ததியாராகிய நாம் நமதென்று சொந்தம் கொண்டாடுவது முறையாகாது. ஆயினும், பொலிஸ் மறித்தால் கைகளை வெளியே தெரியும்படி வை, எதிர்த்துப் பேசாதே என்று அங்குள்ள கறுப்பினப் பெற்றோர் வாலிபப் பிராயத்துப் பிள்ளைக்குப் புத்தி சொல்வதாக வாசித்தபோது, கொழும்புக்குக் கடைவேலைக்குப் புறப்படும் பையன்களிடம் எங்கள் தாய்மார், "தம்பி, ஐ.சி எடுத்துக்கிட்டியா? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு சாமி" என்று சொல்வது என் காதில் ஒலித்தது. அந்த அடையாள அட்டையைத் திருப்பிப் பார்க்கும் அதிகாரி, முகவரியில் தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் வாசித்த மாத்திரத்தில் மரியாதையை விட்டு ஒருமைக்கு இறங்குவதை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

தலவாக்கலைப் பாதையில் பத்தனையைக் கடக்கும் உல்லாசப் பிரயாணிகள் நீர்வீழ்ச்சியைக் கண்டு பரவசமடைகிற அதே டெவன் தோட்டத்தில்தான், நுவரெலியாப் பகுதியில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்கு வழங்கும் அரசாங்கத்தின் திட்டத்தை எதிர்த்துத் திரண்ட தொழிலாளர் மீது, 1977 மே 11 அன்று பொலிஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். சிவனு லெட்சுமணன் மாண்டார். அதற்கும் முன்பே, 1940 ஜனவரியில், முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளி கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டார். விசாரணை ஆணைக்குழுவின் முன் அவருடைய மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். இவ்விரு பெயர்களையும் நான் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை, பெரியவர்கள் வாயிலாகவே அறிந்தேன். லெட்சுமணன் விழுந்த காலத்தில் அவருடைய ஜனங்களில் பலர், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட நிலையிலேயே இருந்தனர் என்பதையும் சேர்த்து எண்ணும்போதுதான், தமக்கென்று ஒரு பிடி மண்ணும் இல்லாதவர்கள் மண்ணுக்காக உயிர் கொடுத்ததன் கனம் எனக்கு விளங்கிற்று.

பிரஜாவுரிமைக் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெருமளவு தீர்ந்தது. தீராதது வேறு. 2023 மே மாதத்தில், நகை திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பதுளையைச் சேர்ந்த வீட்டுப் பணிப்பெண்ணொருவர், கொழும்பில் வெலிக்கடைப் பொலிஸ் காவலில் உயிரிழந்தார். மூன்று பிள்ளைகளின் தாய்.

தமிழும் அரசகரும மொழியே என்று 1987இல் வந்த அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் சொல்லியிருந்தும், நம் முதியவர்கள் பொலிஸ் நிலையங்களில் சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில், என்ன எழுதியிருக்கிறதென்று அறியாமலே பெருவிரலைப் பதித்துத் திரும்புகிறார்கள். அடிபட்டவன் சொன்னதொன்று, ஏட்டில் ஏறியது மற்றொன்று என்றால் நீதவான் எதை வைத்து நியாயம் வழங்குவார்? சென்ற மாதம் ஒரு முறைப்பாட்டுக்காகச் சித்தப்பாவுடன் பொலிஸ் நிலையம் சென்றிருந்தேன். தமிழில் எழுதி வாசித்துக் காட்டினாலன்றி அவர் ஒப்பமிட மாட்டார் என்று பணிவாகவும் உறுதியாகவும் சொன்னேன். "ஏம்ப்பா வம்பு, போட்டுட்டுப் போயிருவோம்" என்றார் சித்தப்பா. பிற்பகல் வரை வாங்கிலேயே இருந்தோம். பின்னர் தமிழறிந்த உத்தியோகத்தரொருவர் வந்து, ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டி எழுதினார். இரண்டு இடங்களில் சித்தப்பா அவரை நிறுத்தித் திருத்தச் சொன்னார்.