திரை வந்தது, பாடம் வந்ததா?

நம் வகுப்பறைகளில் கரும்பலகையின் அருகே வெண்திரையும் இடம்பெற்றுவிட்டது. தமிழகத்தின் புதிய பாடநூல்களில் 2018ஆம் ஆண்டு விரைவுத் துலங்கல் குறியீடுகள் அச்சாயின. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. ஏட்டில் இருந்த பாடம் இன்று படமாகவும் குரலாகவும் வருகிறது. இதனை நாம் வரவேற்கிறோம். ஆனால், யாருக்காக வருகிறது என்று கேளாதிருக்க இயலவில்லை.

அண்மையில் ஒரு பள்ளியில் ஒளிச்சேர்க்கை பற்றிய படப் பாடம் ஒன்றைக் காண நேர்ந்தது. வண்ணங்கள் துள்ளின, இசை முழங்கிற்று. "இதோ பாருங்கள், இது இப்படி உள்ளே வருகிறது, அது அப்படி வெளியே போகிறது" என்றது குரல். திரையில் பச்சை அம்பு ஒன்று, சிவப்பு அம்பு ஒன்று. பெயர் எதுவும் எழுதப்படவில்லை. பார்வையற்ற சிறுமி ஒருத்தி அவ்வகுப்பில் இருந்தாள். அவளுக்குக் கிடைத்தவை 'இது', 'அது' என்னும் இரு சொற்களே. செவித்திறன் குறைந்த மாணவனுக்கு அவையும் இல்லை. பச்சையையும் சிவப்பையும் பிரித்தறிய இயலாமை, பெரும்பாலும் ஆண்பிள்ளைகளிடம் காணப்படும் பிறவிக் குறை. அவர்களுக்கு அம்புகள் இரண்டும் ஒன்றே. "கார்பன் டை ஆக்சைடு இலைத்துளை வழியே உள்ளே செல்கிறது" என்று சொல்வதற்கு என்ன செலவு? ஒரு வாக்கியந்தானே!

"ஓரிருவருக்காக எல்லாவற்றையும் மாற்றுவதா?" என்பர் சிலர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணு ஊடகங்களில் ஒலி விவரணை, சைகை மொழி, எழுத்து வரிகள் ஆகியவை கிடைக்க வழிசெய்யுமாறு அரசைப் பணிக்கிறது. ஆகவே நாம் கேட்பது சலுகை அன்று. மேலும், மின்விசிறி இரைச்சலில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவனும், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளையும் அதே எழுத்து வரிகளால் பயனடைவர்.

கற்றறிந்தோர் வேறொரு தடை எழுப்புவர். பல்லூடகக் கற்றலை ஆராய்ந்த அமெரிக்க உளவியலார் ரிச்சர்டு மேயர், படமும் குரலும் இருக்கையில் அதே சொற்களைத் திரையில் எழுதுவது மாணவர்க்குச் சுமை என்று காட்டியுள்ளார். எனவே எழுத்து வரிகள் வேண்டா என்பது அவர்தம் வாதம். தேவையற்ற இசையும் அலங்காரப் படங்களும் கற்றலைக் கெடுக்கும் என்பதும் அதே மேயரின் முடிவன்றோ? இசையை வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் விலக்குவது என்ன நியாயம்? தனித்துப் படிப்போர் எழுத்து வரிகளை வேண்டியபோது போடலாம், வேண்டாதபோது நிறுத்தலாம். முப்பது பேர் ஒரே திரையைக் காணும் வகுப்பிலோ, பலருக்குச் சிறு சுமையா, ஒருவனுக்கு முழு மௌனமா என்பதே கேள்வி. நம் விடையில் ஐயமில்லை.

முதலில் பாடத்தை ஆக்குவோம், பிறகு சரிசெய்வோம் என்பாரையும் அறிவோம். அந்தப் 'பிறகு' வருவதற்குள் அப்பிள்ளை தேர்வெழுதி முடித்திருக்கும். எழுதும்போதே பெயரைச் சொல்லி எழுதினால் திருத்தம் எதற்கு?

பாடப்படம் ஆக்குவோரிடமும், அதனைத் தெரிவுசெய்யும் ஆசிரியரிடமும் நாம் வேண்டுவது எளிய சோதனை. ஒருமுறை கண்ணை மூடிக் கேளுங்கள். ஒருமுறை ஒலியை அடக்கிப் பாருங்கள். இருமுறையும் பாடம் விளங்கினால் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். விளங்காவிடில், அந்தச் சிறுமி நாள்தோறும் எங்கே அமர்ந்திருக்கிறாள் என்பதையேனும் அறிந்துகொள்வீர்கள்.