எட்டுக் கம்பிச் சமாசாரம்

"நாளைக் காலைக்குள் கல்யாணப் படங்களைக் கொடுக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும், மன்னி!" என்று என் நாத்தனார் டெலிபோனில் அழாத குறையாகச் சொன்னாள்.

மாடி அறையில் ஒரு சர்வரை வைத்துக்கொண்டு கல்யாண ஆல்பம் தயாரித்துக் கொடுப்பது அவள் தொழில். சர்வரிலிருந்து 40 கிகாபைட் படங்களை எடுக்க 1 மணி நேரம் ஆகிறதாம். அப்படி ஆறு மூட்டை பாக்கி! "சர்வர் கிழடாகிவிட்டது, புதிது வாங்கு" என்று அவள் வீட்டுக்காரர் தீர்ப்பளித்துவிட்டார். அவளுடைய சீட்டுப் பணம் முழுவதும் அதற்கே போய்விடும்.

சகோதரிகளே, பால் திரிந்தால் பசுவையா விற்கிறோம்? பாத்திரத்தையல்லவா முதலில் பார்க்கிறோம்!

முதலில் கணக்கு. நெட்வொர்க் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள். படங்களின் அளவு பைட்டில். 8 ஆழாக்கு ஒரு படி என்பது போல, 8 பிட் ஒரு பைட். 1 மணிக்கு 40 கிகாபைட் என்றால், விநாடிக்கு ஏறக்குறைய 11 மெகாபைட். 100 மெகாபிட் பாதையில் போகக்கூடியது அவ்வளவுதான். அவளுடைய கார்டோ 1000 மெகாபிட் கார்டு!

அடுத்து, குற்றம் டிஸ்க்கிலா, பாதையிலா? 'ஐபெர்ஃப்3' என்ற சோதனை டிஸ்க்கைத் தொடாமல் பாதையை மட்டும் அளக்கும். 94 மெகாபிட் காட்டிற்று. ஆரோக்கியமான பாதையில் 940க்குப் பக்கத்தில் வர வேண்டும். லினக்ஸ் சர்வரில் 'எத்டூல்' என்று கட்டளை கொடுத்துக் கார்டையே விசாரித்தோம். "என் வேகம் 100" என்று அதுவும் ஒப்புக்கொண்டது.

ஏன்? கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். 1000க்கு எட்டும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் பல கார்டுகள் சத்தம் போடாமல் 100க்கு இறங்கிவிடும்.

"வேகத்தை நாமே 1000 என்று எழுதிவிட்டால் என்ன?" என்றாள். கூடாது! அறுந்த கம்பி அதனால் ஒட்டிக்கொள்ளாது. கார்டும் ஸ்விட்சும் தாமாகப் பேசி வேகத்தை முடிவு செய்யட்டும். ஒரு பக்கம் மட்டும் 100, இருவழி என்று கட்டாயப்படுத்தினால், மறுபக்கம் ஒருவழிக்குப் போய்விடும். அப்புறம், 'சௌக்கியமா?' என்று கேட்டால் உடனே பதில் வரும். பெரிய மூட்டையைத் தூக்கச் சொன்னால் முக்கி முனகும்.

அலமாரிக் காலடியில் நசுங்கிக் கிடந்த கேபிளை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினாள். எத்டூல் 1000 என்றது. மூட்டைக்கு 6 நிமிஷமும் சொச்சமும்! காலையில் ஆல்பம் போய்ச் சேர்ந்தது. சீட்டுப் பணமும் தப்பிற்று.

"பழைய கேபிளை மறுபடி யாராவது மாட்டிவிடப் போகிறார்கள், ஜாக்கிரதை!" என்றேன்.

"மாட்ட முடியாது, மன்னி. மொட்டை மாடியில் துணி உலர்த்தக் கொடி கட்டிவிட்டேன்!"