இரண்டாம் கட்டுக்கு எட்டாத வைஃபை

காரைக்குடியில் பழைய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. ஃபைபர் இணைப்பு கொடுக்க வருகிறவர்கள் முகப்பிலேயே வைஃபை ரூட்டரும் அடங்கிய மோடத்தை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆட்கள் புழங்குவதோ பின்னால், அடுப்படி இருக்கும் இரண்டாம் கட்டில். சிங்கப்பூரிலிருந்து பேரன் வீடியோவில் கூப்பிட்டால், ஆச்சி முழங்கால் வலியோடு அடுப்படியிலிருந்து எழுந்து, நடு முற்றமான வளவைக் கடந்து முகப்புக்கு வரவேண்டியிருக்கிறது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டு வைஃபை செல்போனில் பெரும்பாலும் இரண்டு பெயரில் தெரியும். பின்னால் ‘5ஜி’ என்றிருப்பது செல்போன் கம்பெனிகள் விற்கும் 5ஜி அல்ல. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. மற்றது 2.4. ஐந்தில் வேகம் அதிகம், ஆனால் சுவரைக் கண்டால் சட்டென்று தளர்ந்துவிடும். 2.4 சுவரை ஓரளவு தாண்டும். ஆனால் அதற்கு இருக்கிற இடமே மொத்தம் 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். அக்கம்பக்கத்து வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதற்குள்தான் முட்டிமோதுகின்றன. செக்காலை ரோடு மாதிரி கடைகள் நெருங்கிய இடத்தில் கேட்கவே வேண்டாம். 2.4-இல் 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள் மட்டுமே ஒன்றோடொன்று மோதாதவை. ஐந்திலோ 2018 அக்டோபரில் மத்திய அரசு 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது.

அதற்காக ஐந்தே மேல் என்றோ, 2.4 எங்கும் எட்டும் என்றோ சொல்லிவிட முடியாது. செங்கல்லும் சுண்ணாம்புமாய் எழுப்பிய நம் சுவர்கள் இரண்டு மூன்று குறுக்கே வந்தால் 2.4-ம் ஓய்ந்துபோகும். முகப்பில் மாட்டிய பெரிய நிலைக்கண்ணாடிக்குப் பின்னாலும் இரும்பு பீரோவுக்குப் பக்கத்திலும் மோடத்தை வைக்கவே கூடாது. கண்ணாடியின் ரசப்பூச்சும் உலோகம்தான், அலையைத் திருப்பியடித்துவிடும்.

வளவு மட்டும் நமக்குச் சாதகம். முற்றம் திறந்து கிடப்பதால், அதன் ஓரத் தூணருகே உயரத்தில் ரூட்டரை வைத்தால் சுற்றுத் தாழ்வாரம் முழுக்க 5 கிகாஹெர்ட்ஸ் தாராளமாகக் கிடைக்கும். உள்ளறைகளுக்கு 2.4 போதும், வீடியோ அழைப்புக்குப் பெரிய வேகம் தேவையில்லை.

இரண்டாம் கட்டுக்கு எந்த அலைவரிசையையும் நம்பவேண்டாம், வயர் இழுங்கள். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். தேக்கு நிலையையோ பழைய பூச்சையோ துளைக்க வேண்டியதில்லை. கரண்டு வயர் போகிற வழியிலேயே, அதை ஒட்டாமல் சற்றுத் தள்ளிக் கொண்டுபோகலாம். அங்கே இன்னொரு ரூட்டரை, வயரில் வரும் இணைப்பை வைஃபையாகக் கொடுக்கும் அக்சஸ் பாயின்ட்டாக வைத்து, அதே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துவிடுங்கள். விலை குறைந்த ரிப்பீட்டர் வேண்டாம். கேட்பதையும் திருப்பிச் சொல்வதையும் ஒரே அலையில் செய்வதால் வேகத்தில் பாதியைத் தின்றுவிடும்.

இணைப்பு கொடுக்க வரும் தம்பி ஆணி அடிக்கும் முன், பின்வாசல் வரை ஒருமுறை அழைத்துப் போய் ஆச்சி உட்காரும் இடத்தைக் காட்டுங்கள்.