அந்நியச் செலாவணி வணிகம்: கற்பிக்கப்படுவதும் மறைக்கப்படுவதும்

வீட்டிலிருந்தபடியே டாலரில் சம்பாதிக்கலாம் என்று அழைக்கும் விளம்பரங்கள், கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் இன்று தேடி வருகின்றன. அந்நியச் செலாவணி வணிகத்தின் அடிப்படைகளையும் உத்திகளையும் சில நாள்களில் கற்றுத் தருவதாக அவை உறுதி கூறுகின்றன. முதல் வகுப்பு இலவசம். அடுத்த வகுப்புக்குக் கட்டணம். அதற்கடுத்த படி, ஆசிரியர் சுட்டிக்காட்டும் வெளிநாட்டுத் தளத்தில் கணக்குத் தொடங்கிப் பணம் செலுத்துவது. வேலை தேடி அலுத்த பட்டதாரிகளும், ஒப்பந்தத் தொழிலாளர்களும், உணவு விநியோகிக்கும் இளைஞர்களும் இந்த வகுப்புகளின் மாணவர்கள்.

இதைச் சிலரின் பேராசை என்று தள்ளிவிட்டுப் போவது நமக்குப் பொருந்தாது. இந்த வகுப்புகளில் என்ன கற்பிக்கப்படுகிறது, எது மறைக்கப்படுகிறது, அந்த மறைப்பினால் யார் வாழ்கிறார்கள் என்பதை உழைக்கும் மக்களிடம் எடுத்துச் சொல்லும் கடமை இடதுசாரி இயக்கத்துக்கு உண்டு.

நெம்புகோல் என்னும் முதல் பாடம்

நாணயங்கள் இணை இணையாகவே வாங்கி விற்கப்படுகின்றன. யூரோவை வாங்குபவர் அதே வேளையில் டாலரை விற்கிறார். விலையின் மிகச் சிறிய அசைவுக்குப் 'பிப்' என்று பெயர். யூரோ-டாலர் இணையில் அது 0.0001 டாலர். ஒரு முழு 'லாட்' என்பது 1,00,000 யூரோ. அந்த அளவில் ஒரு பிப் அசைந்தால் 10 டாலர் வரும் அல்லது போகும். 1,00,000 யூரோ எந்தத் தொழிலாளியிடமும் இல்லை. ஆகவே தரகு நிறுவனம் 'லிவரேஜ்' வழங்குகிறது. 1:100 லிவரேஜ் என்றால் நூற்றில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டினால் போதும்.

அரசியல் பொருளாதார நூல்களை மொழிபெயர்ப்பவர்களுக்கு இச்சொல் புதிதன்று. இதன் வேர் நெம்புகோல்தான். நெம்புகோலுக்கு ஊன்றுமிடம் வேண்டும் என்பது இயற்பியலின் பாலபாடம். கடன் என்னும் நெம்புகோலைக் கையில் தருகிறவர்கள், அதை எங்கே ஊன்றுவது என்பதை மட்டும் சொல்வதில்லை.

கணக்கைப் பார்ப்போம். ஒரு யூரோவின் விலை 1.10 டாலர் என்று கொள்வோம். ஒரு லாட்டின் மதிப்பு 1,10,000 டாலர். 1:100 லிவரேஜில் முன்பணம் 1,100 டாலர். நம் பணத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய். விலை 1 சதவீதம் எதிர்த்திசையில் அசைந்தால் முன்பணம் முழுவதும் போய்விடும். பெரிய நாணயங்கள் ஓரிரு நாள்களில் 1 சதவீதம் அசைவது வியப்புக்குரியதன்று. சில வெளிநாட்டுத் தளங்கள் வழங்குவதைப் போல லிவரேஜ் 1:500 ஆக இருந்தால், 0.2 சதவீத அசைவே போதும். அது சில மணி நேரத்தில் நிகழக்கூடியது. கணிப்பு இறுதியில் சரியாக இருந்தாலும், இடையில் ஏற்பட்ட சிறு சரிவிலேயே கணக்கு தானாக மூடப்பட்டுவிடும். விலை பிறகு ஏறுவதை அவர் வெறுங்கையோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

விலை அசையாமல் நின்றாலும் இழப்பு உண்டு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே தரகர் வைக்கும் வித்தியாசம் ஒரே ஒரு பிப் என்று கொள்வோம். மேற்சொன்ன கணக்கில் ஒவ்வொரு முறை வாங்கி விற்கும்போதும் 10 டாலர் தரகருக்குச் செல்கிறது. 110 முறை வாங்கி விற்றால் 1,100 டாலரும் கரைந்துவிடும். நாளொன்றுக்கு ஐந்து முறை வணிகம் செய்யக் கற்றவருக்கு 22 நாள்கள் போதும். வென்றவரின் லாபம் தோற்றவரின் நட்டத்துக்குச் சமம். அதிலிருந்து தரகு கழிகிறது. எனவே ஆடுகிறவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் எஞ்சுவது நட்டமே.

வகுப்புகள் கற்பிக்கும் உத்திகள் இந்தக் கணக்கைத் தொடுவதே இல்லை. மெழுகுவர்த்தி வரைபடம், நகரும் சராசரி, தாங்குநிலை, தடைநிலை என்று அவை கற்பிப்பவை அனைத்தும் நேற்றைய விலைகளிலிருந்து வரையப்பட்ட கோடுகள். அதே கோடுகள் பெரிய வங்கிகளின் கணினிகளிடமும் இருக்கின்றன. நூலிழை வேகத்தில் இயங்கும் அந்தக் கணினிகளோடு, தவணையில் வாங்கிய கைப்பேசியை வைத்துக்கொண்டு நம் இளைஞர் போட்டியிட வேண்டும்.

ஆசிரியரின் வருவாய் எங்கிருந்து வருகிறது என்பதும் மறைக்கப்படும் பாடம். மாணவரைத் தளத்தில் சேர்த்துவிட்டால், அவர் செய்யும் ஒவ்வொரு வணிகத்திலும் ஆசிரியருக்குப் பங்கு தரும் ஏற்பாடு இத்தொழிலில் பரவலாக உள்ளது. மாணவர் வெல்கிறாரா தோற்கிறாரா என்பதில் அவருக்குப் பெரிய அக்கறை தேவையில்லை. எத்தனை முறை வாங்கி விற்கிறார் என்பதே அவருக்கு முக்கியம்.

எதிர்முனையில் இருப்பவர் யார்?

உலக அந்நியச் செலாவணிச் சந்தையில் ஒரு நாளில் கைமாறும் தொகை, பன்னாட்டுத் தீர்வு வங்கியின் 2025 ஏப்ரல் கணக்குப்படி சுமார் 9.6 டிரில்லியன் டாலர். பத்தில் ஒன்பது பரிவர்த்தனைகளில் ஒரு பக்கம் டாலர் இருக்கிறது. பண்டங்களின் ஏற்றுமதி இறக்குமதிக்கு இதில் மிகச் சிறு பகுதியே தேவைப்படும். எஞ்சிய பெருவெள்ளத்தில் முதன்மையானது பணம் பணத்தை ஈன்றெடுக்கத் தேடும் ஓட்டம்.

இந்தச் சந்தையை நியாயமான ஆடுகளம் என்று நம்புபவர்கள் 2015 மே மாதத்தை நினைவுகொள்ள வேண்டும். சிட்டிகார்ப், ஜேபி மார்கன் சேஸ், பார்க்லேஸ், ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து ஆகிய வங்கிகள், டாலர்-யூரோ விலையைக் கூடிப் பேசித் திரித்த குற்றத்தை அமெரிக்க நீதித் துறையிடம் ஒப்புக்கொண்டன. அந்த வங்கிகளின் வணிகர்கள் இரகசியமாக உரையாடிய குழுவுக்குக் 'கார்ட்டல்' என்றே பெயரிடப்பட்டிருந்தது.

அதே ஆண்டு ஜனவரி 15 அன்று, ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே செல்லவிடாமல் காத்துவந்த கொள்கையை சுவிஸ் மைய வங்கி முன்னறிவிப்பின்றிக் கைவிட்டது. பிராங்கின் மதிப்பு சில நிமிடங்களில் 30 சதவீதம் வரை எகிறியது. நட்டத்தை ஓரிடத்தில் நிறுத்திவிடும் என்று கற்பிக்கப்படும் 'ஸ்டாப் லாஸ்' ஆணைகள், அந்த விலையில் எதிர்த்தரப்பே இல்லாததால் பலருக்குப் பயன்படவில்லை. அல்பாரி என்னும் தரகு நிறுவனத்தின் பிரிட்டன் கிளை திவாலாயிற்று. எஃப்எக்ஸ்சிஎம் என்னும் அமெரிக்கத் தரகு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள், முன்பணத்தை இழந்ததற்கு மேல் 22 கோடி டாலருக்கும் கூடுதலான கடனாளிகளாகவும் ஆனார்கள். வாடிக்கையாளருக்கு எதிராகத் தான் பந்தயம் வைப்பதில்லை என்று விளம்பரம் செய்துவந்த அந்நிறுவனம், எதிர்த்தரப்பாக நின்ற நிறுவனத்தில் தனக்கிருந்த பங்கை மறைத்தது என்று அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் 2017இல் கண்டறிந்து, அதை அந்நாட்டுச் சந்தையைவிட்டே வெளியேற்றியது.

முதலாளித்துவ நாடுகளின் அரசுகளே இந்த இழப்பைக் கணக்கிட்டிருக்கின்றன. நாணயம் முதலியவற்றின் விலை வேறுபாட்டின்மேல் கட்டப்படும் ஒப்பந்தங்களில், சிறு வாடிக்கையாளர் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரை நட்டமடைகின்றன என்று ஐரோப்பியச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு 2018இல் அறிவித்தது. முதன்மை நாணய இணைகளுக்கு லிவரேஜை 1:30க்கு மிகாமல் கட்டுப்படுத்தியது. ஜப்பானில் இந்த வரம்பு 1:25. வரம்பு இறுகிய நாடுகளில் விற்க முடியாத சரக்கு, வரம்பில்லாத தீவுகளின் முகவரியோடு நம் இளைஞர்களிடம் வந்து சேர்கிறது.

நமது நாட்டில் அந்நியச் செலாவணிக்குத் தனியே இத்தகைய ஆய்வு நடக்காவிட்டாலும், பங்குச் சந்தையின் முன்பேர வணிகம் பற்றிச் செபி 2024இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்றாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்தார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஆடியவர்களில் முக்கால் பங்கினருக்கும் மேல் ஆண்டு வருமானம் 5 லட்சம் ரூபாய்க்குக் குறைவானவர்கள். அந்நிய முதலீட்டாளர்களும் தரகு நிறுவனங்களின் சொந்தக் கணக்குகளும் லாபமடைந்தன. அந்த லாபத்தில் மிகப் பெரும்பகுதி கணினி நிரல்களால் ஈட்டப்பட்டது. சட்டபூர்வமான, கண்காணிப்புள்ள சந்தையிலேயே இதுதான் நிலை.

சட்டம் யாரைப் பிடிக்கிறது?

அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றவர்களுடனும் அங்கீகரிக்கப்பட்ட பங்குச் சந்தைகளிலும் மட்டுமே, அனுமதிக்கப்பட்ட நோக்கங்களுக்காகச் செலாவணி வணிகம் செய்யலாம். வெளிநாட்டுத் தளங்களுக்கு மார்ஜின் தொகை அனுப்புவதற்கு அனுமதியே இல்லை. ரூபாய் தொடர்பான முன்பேர ஒப்பந்தங்களில் ஈடுபடுவோருக்கு உண்மையான செலாவணித் தேவை இருக்க வேண்டும் என்பதை 2024 மே முதல் ரிசர்வ் வங்கி கறாராக்கியிருக்கிறது. அனுமதியற்ற தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை 2022 செப்டம்பரில் 34 பெயர்களோடு வெளியிட்டுப் பின்னர் நீட்டியும் வருகிறது.

பட்டியல் இருக்கிறது, விளம்பரமும் இருக்கிறது. அப்பட்டியலில் இடம்பெற்ற ஒரு தளம் ஐபிஎல் அணியொன்றின் விளம்பரக் கூட்டாளியாகவே இருந்தது. பணம் சட்டவிரோதமாகச் சென்றது நம் வங்கிகளின் வழியாகவும் யூபிஐ வழியாகவும்தான். ஆயினும் சட்டத்தின் கூர்முனை சிறியவரை நோக்கியே நீட்டப்பட்டிருக்கிறது. விதியை மீறியவருக்கு, சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. எனவே ஏமாந்தவர் காவல் நிலையப் படியேற அஞ்சுகிறார். அவருடைய அச்சமே மோசடிக்காரரின் காப்புறுதி.

மறுபுறம், வசதி படைத்தவர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை சட்டப்படியே வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்கே நிலமும் பங்கும் வாங்கலாம். 2004இல் 25,000 டாலராகத் தொடங்கிய சலுகை இது. 1973இன் கடுமையான செலாவணிச் சட்டத்தை நீக்கி, 1999இல் இளகிய சட்டத்தைக் கொண்டுவந்த தாராளமயம், மேல்தட்டுக்குக் கதவைத் திறந்துவைத்தது. கீழே நிற்பவருக்கு எச்சரிக்கைப் பலகையை மாட்டிவைத்தது.

பேராசை என்னும் எளிய விடை

'உழைக்காமல் சம்பாதிக்க ஆசைப்பட்டான், இழந்தான்' என்னும் தீர்ப்பு நம் தோழர்களிடையேயும் ஒலிப்பதுண்டு. அது பாதி உண்மையும் அன்று. கூலி விலைவாசிக்கு ஈடுகொடுக்காதபோது, நிரந்தர வேலை அரிதாகும்போது, ஓய்வூதியம் சந்தையிடம் ஒப்படைக்கப்படும்போது, சேமிப்புக்கு வங்கி தரும் வட்டி விலைவாசி உயர்விலேயே கரையும்போது, உழைப்பால் உயரலாம் என்னும் நம்பிக்கை தேய்கிறது. அந்த வெற்றிடத்தில் சந்தை நுழைகிறது. ஒவ்வொருவரும் முதலீட்டாளராக வேண்டும் என்று அரசே மேடைதோறும் முழங்கும் நாட்டில், அதை நம்பிய இளைஞரை மட்டும் குற்றவாளியாக்குவது எவ்வகையில் நீதி?

வயது வந்தவர் தம் பணத்தைத் தம் விருப்பப்படி செலவிடும் உரிமை பற்றியும் சிலர் பேசுகிறார்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது, ஆட்டத்தின் விதிகளை வகுப்பவரும் ஆடுபவரும் சம வலிமையுள்ளவர்கள் அல்லர் என்பதை அரசே ஒப்புக்கொண்டது. நெம்புகோல் பூட்டிய நாணயச் சூதுக்கு மட்டும் அந்த நியாயம் பொருந்தாமல் போகுமா?

நாம் கற்க வேண்டிய பாடம்

நாணய மாற்று விகிதத்தை உழைக்கும் மக்கள் அறிந்துகொள்ளத்தான் வேண்டும். 1966 ஜூனில் ஒரே நாளில் டாலருக்கு 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாயாக மதிப்பு குறைக்கப்பட்டது ஏன்? 1991 ஜூலையில் இருமுறை குறைக்கப்பட்டது யார் நெருக்கடியால்? 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியபோது சுமையைத் தாங்கியவர் யார்? கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேலும், சமையல் எண்ணெயில் பாதிக்கு மேலும், பொட்டாஷ் உரம் முழுவதையும் இறக்குமதி செய்யும் நாட்டில், ரூபாயின் ஒவ்வொரு சரிவும் பேருந்துக் கட்டணமாக, தாளிக்கும் எண்ணெயாக, உரமூட்டையாக ஏழையின் வீட்டை வந்தடைகிறது. வளைகுடாவில் உழைப்பவர் வீட்டுக்கு அனுப்பும் பணத்தின் மதிப்பும் இந்த விகிதத்தால்தான் அளக்கப்படுகிறது. இந்த அடிப்படைகளை மெழுகுவர்த்தி வரைபடங்கள் கற்பிப்பதில்லை.

நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். அனுமதியற்ற தளங்களின் விளம்பரங்களை வெளியிடும் சமூக ஊடக நிறுவனங்களையும், அவற்றுக்குப் பணம் கடத்தும் கணக்குகளை அனுமதிக்கும் வங்கிகளையும் சட்டத்தின்முன் பொறுப்பாக்க வேண்டும். பயிற்சி என்ற பெயரில் பங்கு வணிகத்துக்கு வழிகாட்டுவோர்மீது செபி விதித்த கட்டுப்பாடுகளை அந்நியச் செலாவணிப் பயிற்சிக்கும் விரிவாக்க வேண்டும். இழந்த சிறு தொகைக்காரர்கள் அபராத அச்சமின்றிப் புகார் அளிக்கச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். நாணயப் பரிவர்த்தனைமீது சிறு வரி விதித்து ஊக ஓட்டத்தைத் தணிக்கலாம் என்று 1972இல் சொன்னவர் ஜேம்ஸ் டோபின். அவர் மார்க்சியவாதி அல்லர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற முதலாளித்துவப் பொருளியலறிஞர். அவர் சொன்ன அளவுக்குக்கூட நம் ஆட்சியாளர்கள் செல்லத் துணியவில்லை.

நமது கிளைகளும் வாலிபர், மாணவர் அமைப்புகளும் இதற்காக ஒரு மாலையை ஒதுக்கலாம். ஒரு லாட், ஒரு பிப், 110 முறை என்னும் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டப் பத்து நிமிடம் போதும். மீதி நேரத்தில் ரூபாயின் கதையைப் பேசலாம். பணம் இழந்து, வீட்டிலும் சொல்ல முடியாமல் தவிக்கும் இளைஞர் ஒருவராவது அக்கூட்டத்தில் இருப்பார். அவர் அங்கே ஏளனத்தைச் சந்திக்கக் கூடாது. தோழமையைச் சந்திக்க வேண்டும்.